துணியில் கத்தரி வைக்கத் தயங்கும் தோழியருக்கு

அன்புள்ள தோழியரே,

நீங்கள் தையல் பழகியவர்கள். சேலைக்கு ஃபால்ஸ் வைப்பீர்கள், ஓரம் அடிப்பீர்கள், கொக்கி கட்டுவீர்கள், ஹெம்மிங் செய்வீர்கள். யாராவது வெட்டிக் கொடுத்துவிட்டால் ஒரு ஜாக்கெட்டை மதியத்துக்குள் தைத்து முடித்துவிடுவீர்கள். புதுத் துணியை விரித்துப் போட்டுக் கத்தரிக்கோலை எடுக்கும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது. "அக்கா, நீங்க வெட்டி மட்டும் குடுத்துடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்று என்னிடம் துணியோடு வருகிறவர்களில் பலர் என்னைவிட நன்றாகத் தைக்கிறவர்கள். உங்களுக்காகத்தான் இந்த மடல்.

அதே சொற்களை நானும் பல காலம் வேறொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மிஷின் மிதிக்கும்போது தடுமாற்றமே இருக்காது. கத்தரியைப் பிடித்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். சாக்பீஸால் கோடு போடுவேன், தட்டி அழிப்பேன், மறுபடி போடுவேன், கடைசியில் துணியை மடித்துப் பைக்குள் வைத்துத் தெரிந்த டெய்லரிடம் எடுத்துப் போவேன். இன்று வெட்டுவதுதான் என் பிழைப்பு. அதனால் சொல்கிறேன்: பயம் போன பிறகு வெட்டலாம் என்று காத்திருக்காதீர்கள். வெட்டுவதற்குப் பெரிய தைரியம் எதுவும் வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும். எதை முதலில் வெட்டுவது, எதைக் கடைசிக்கு வைப்பது, எங்கே எவ்வளவு துணி விடுவது என்பது பிடிபட்டுவிட்டால் பயம் தானாக அடங்கும்.

உங்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. சேலையோடு வரும் ஜாக்கெட் துணி பெரும்பாலும் 80 செ.மீ.தான். அதற்குள் முன்பாகம், பின்பாகம், இரண்டு கை, பட்டி, கழுத்துக்குக் கிராஸ் பீஸ் எல்லாம் அடங்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு என்றால் இன்னும் கஷ்டம். அந்த நிறமும் ஜரிகையும் அந்தச் சேலைக்கென்றே நெய்தவை. கெட்டுப்போனால் கடை கடையாக ஏறி இறங்கினாலும் அதே சாயம் கிடைக்காது. தையல் தவறினால் நூலைப் பிரித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. இது தெரிந்த எந்தக் கையும் ஒரு நொடி நிற்கத்தான் செய்யும். கத்தரி வைக்குமுன் அளவை இன்னொரு முறை பார்க்கும் பழக்கம் எனக்கு இன்றும் உண்டு. அந்த அளவுக்குப் பயம் இருப்பது நல்லது. கையை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார வைத்துவிடும் பயத்தைத்தான் விரட்ட வேண்டும்.

அந்தப் பயம் நம்மிடம் ஏன் இப்படித் தங்கிவிட்டது என்று யோசித்துப் பாருங்கள். பழைய டெய்லர் கடைகளில் ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் காஜா எடுப்பான், பட்டன் தைப்பான். மாஸ்டரின் கட்டிங் மேஜைக்குப் பக்கத்திலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பான். மாஸ்டர் துணியை எப்படி மடிக்கிறார், டேப்பை எங்கே வைக்கிறார், கத்தரியை எங்கே நிறுத்தித் திருப்புகிறார் என்று ஆயிரம் முறை பார்த்த பிறகுதான் அவன் கைக்குக் கத்தரி வரும். அதற்குள் அவனுக்குப் பயப்பட ஒன்றும் மிச்சம் இருக்காது. நாமோ சில மாத வகுப்புக்குப் போகிறோம். செய்தித்தாளில் சில கட்டிங் போட்டு நோட்டில் ஒட்டுகிறோம். உண்மையான துணி வரும்போது, வீணாகிவிடக் கூடாதே என்ற அக்கறையில் பல வகுப்புகளில் ஆசிரியையே வெட்டிக் கொடுத்துவிடுகிறார். நாம் தைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கி வருகிறோம். பார்க்கவும் பழகவும் காலம் கிடைக்காத வேலையைக் கண்டு கை நடுங்குவதில் என்ன அதிசயம்? திறமை இல்லை என்று மட்டும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் கூலி. தையல் உலகில் எங்கே போனாலும் வெட்டுகிறவருக்கு ஒரு மதிப்பு, தைக்கிறவருக்கு ஒரு மதிப்பு. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டர் பெரும்பாலும் ஆண். பெண்கள் தையலிலும் செக்கிங்கிலும் பிசிர் வெட்டுவதிலும் இருக்கிறார்கள். ஊர்ப்புறத்து டெய்லர் கடையிலும் மாஸ்டர் வெட்டிக் கட்டிவைத்த துணியைப் பெண்கள் வீட்டுக்கு வாங்கிப் போய்ப் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். வாடிக்கையாளரைத் தெரிந்தவர் மாஸ்டர், அளவு எடுப்பவர் மாஸ்டர், விலை சொல்பவரும் அவரே. உங்கள் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஜாக்கெட்டைப் போடுபவருக்கு உங்களைத் தெரியாது.

நம் மாநிலத்தில் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகத் தையல் மிஷின் கொடுக்கிறார்கள். நல்ல திட்டம். ஆனால் மிஷின் வந்த வீட்டில் வெட்டத் தெரிந்த கை இல்லாவிட்டால், அது ஃபால்ஸ் வைக்கவும் கிழிசல் தைக்கவும் மட்டுமே ஓடும். மிஷின் என்றதும் காந்தியடிகள் சொன்னது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1924ஆம் ஆண்டு ஜி. ராமச்சந்திரன் என்ற இளைஞர் இயந்திரங்களைப் பற்றிக் காந்தியடிகளிடம் கேள்வி கேட்டார். பின்னாளில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர் அவர். இயந்திர மோகத்தை எதிர்த்த காந்தி, சிங்கர் தையல் மிஷினை விலக்காக வைத்துப் பாராட்டினார். கையால் தைத்துத் தைத்துத் தன் மனைவி படும் பாட்டைக் குறைக்க நினைத்த ஒருவரின் அன்பில் பிறந்த கருவி என்றார். உண்மைதான், ஊசியின் பாட்டை மிஷின் குறைத்தது. துணியில் எங்கே வெட்டுவது என்று முடிவு செய்யும் பொறுப்பை மட்டும் வீட்டில் வைத்திருக்கும் எந்த மிஷினும் எடுத்துக்கொள்ளவில்லை. அது இன்னும் நம் கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. அந்தப் பொறுப்பை ஏற்கிறவருக்குத்தான் தொழில் சொந்தம்.

இனி வழிக்கு வருகிறேன்.

முதலில் கத்தரிக்கோலைப் பாருங்கள். பலருடைய பயத்தில் பாதி மழுங்கிய கத்தரியால் வருவது. கோட்டின் மேல்தான் வைப்பீர்கள். அது துணியை மென்று பக்கவாட்டில் தள்ளும், வெட்டு கோணலாகும், 'எனக்கு வராது' என்று முடிவு கட்டிவிடுவீர்கள். துணி வெட்ட 9 அல்லது 10 அங்குலக் கத்தரி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் காகிதம் வெட்டக் கூடாது, பால் பாக்கெட் வெட்டக் கூடாது. பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் கொடுக்கக் கூடாது. காகிதம் கூர்மையைத் தின்றுவிடும். அவ்வப்போது சாணை பிடியுங்கள்.

அடுத்தது பழகும் துணி. வகுப்பில் செய்தித்தாளில் வெட்டியபோது நன்றாக வந்தது, துணியில் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். காகிதம் நகராது, இழுபடாது, கெட்டுப்போனால் மனம் வலிக்காது. துணி இந்த மூன்றையும் செய்யும். ஒரு பருத்திக் கைக்குட்டையை எடுத்து ஓரத்துக்கு நேராக இழுத்துப் பாருங்கள், அவ்வளவாகக் கொடுக்காது. எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுங்கள், நீண்டு கொடுக்கும். அதுதான் கிராஸ். பாவும் ஊடையும் நேர் வாட்டத்தில் விறைப்பாக நிற்கும்; குறுக்கு வாட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொள்ளும். கழுத்து வளைவும் ஆர்ம்ஹோல் வளைவும் விரிந்துபோவது இதனால்தான். கிராஸ் கட் ஜாக்கெட்டின் முன்பாகம் உடம்போடு பொருந்தி உட்காருவதும் இதனால்தான். இதைக் காகிதம் ஒருநாளும் உங்களுக்குச் சொல்லித் தராது. ஆகவே காகிதத்துக்கும் புதுத் துணிக்கும் நடுவில் ஒரு படி வேண்டும்: பழைய பருத்திச் சேலை அல்லது வேட்டி. அசல் துணி போலவே நகரும், காசு போகாது. கை பழகும்வரை அதிலேயே வெட்டித் தையுங்கள். அதன்பின் டூ பை டூ ரூபியா துணி வாங்குங்கள். பாவிலும் ஊடையிலும் இரட்டை இழை முறுக்கி நெய்த துணி என்பதால் வழுக்காது, சொன்னபடி நிற்கும். கிரேப், ஷிபான், பட்டு எல்லாம் பிறகு.

பருத்தித் துணியையும் லைனிங்கையும் வெட்டுவதற்கு முன்பே தண்ணீரில் நனைத்து, காயவைத்து, தேய்த்துவிடுங்கள். நனைக்காத லைனிங் முதல் சலவையில் சுருங்கும், மேல்துணி அப்படியே இருக்கும், ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். வெட்டு சரியாக இருந்தும் பழி வெட்டின் மேல்தான் விழும்.

இப்போது அளவு. அளவு ஜாக்கெட் ஒன்றை வைத்துக்கொண்டு பழகுவது எளிது. ஆனாலும் கணக்கு என்னவென்று தெரிந்திருந்தால் கை நடுங்காது. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்று வையுங்கள். துணியை மடித்துப் போட்டு வெட்டுவதால் அதில் கால் பங்கு, 9 அங்குலம். மூச்சுவிடவும் கை தூக்கவும் அரை அங்குலம் லூஸ். பக்கத் தையலுக்கு உள்ளே விட ஒன்றரை அங்குலம். மொத்தம் 11. இந்த ஒன்றரை அங்குலம்தான் நமக்குக் காவல். முன்பாகத்தில் இரண்டு ஓரம், பின்பாகத்தில் இரண்டு ஓரம் என நான்கு இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கெட் பிடித்துக்கொண்டால், தையலுக்கு அரை அரை அங்குலம் விட்டும் சுற்றளவில் 4 அங்குலம்வரை பிரித்துவிடலாம். கையின் அடிப்பக்கத் தையலிலும் இதேபோல் விட்டுவையுங்கள். இல்லாவிட்டால் உடம்பு பிரியும், கை பிரியாது.

இனி வெட்டு. காலையில், நல்ல வெளிச்சத்தில், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உட்காருங்கள். தீபாவளிக் கூட்டமும் முகூர்த்த அவசரமும் உள்ள நாளில் முதன்முதலாக வெட்டாதீர்கள். துணியைத் தரையிலோ மேஜையிலோ முழுக்க விரித்து, சுருக்கம் நீவி, நேர் இழை பார்த்து மடியுங்கள். இடது கையை விரித்துக் கோட்டுக்குப் பக்கத்தில் துணியின்மேல் அழுத்தி வையுங்கள். கத்தரியின் கீழ் அலகு தரையைத் தொட்டபடியே போகட்டும். துணியைக் கையால் தூக்காதீர்கள். தூக்கினால் மேல்மடிப்பும் கீழ்மடிப்பும் ஒன்றுக்கொன்று விலகிவிடும். நேர்க்கோட்டில் அலகை நன்றாகத் திறந்து நீளமாக வெட்டுங்கள். நுனிவரை மூடாமல், மூடும் முன்பே அடுத்த வெட்டுக்கு நகருங்கள். நுனிவரை மூடி மூடித் திறந்தால் ஓரம் பல்லுப்பல்லாக வரும். வளைவு வந்தால் சின்னச் சின்ன வெட்டாகப் போடுங்கள்.

வரிசை இதுதான். முதலில் அடிப்பாகத்து நேர்க்கோடு. அடுத்து பக்கவாட்டு. இரண்டும் நேர்க்கோடுகள், இரண்டிலும் உபரித் துணி இருக்கிறது. அவற்றை வெட்டி முடிக்கும்போதே கை சூடாகி நடுக்கம் நின்றிருக்கும். பிறகு ஷோல்டர். அதன்பின் ஆர்ம்ஹோல். பின்பாகத்துக்கு உள்ள வளைவைத்தான் முதலில் இரண்டுக்கும் வெட்ட வேண்டும். முன்பாகத்தைத் தனியே பிரித்து வைத்துக்கொண்டு, அதில் மட்டும் அரை அங்குலம் உள்ளே குடைய வேண்டும். கழுத்து எப்போதும் கடைசி. ஷோல்டர் தையல் கோட்டிலிருந்து 8 அங்குல இறக்கம் கேட்டால் ஏழரையில் வெட்டுங்கள். மடித்துத் தைக்கும்போது கொஞ்சம், உடுத்தும்போது கொஞ்சம் தானாக இறங்கும். குழம்புக்கு உப்பு போடுகிற மாதிரிதான் கழுத்து வெட்டுவதும்: குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுப்பது கஷ்டம்.

கைத்துணியை வெட்டும்போது நல்ல பக்கமும் நல்ல பக்கமும் உள்ளுக்குள் பார்த்திருக்க மடித்து, இரண்டு கையையும் சேர்த்தே வெட்டுங்கள். அப்போதுதான் ஒன்று இடதுக்கும் ஒன்று வலதுக்கும் வரும். தனித்தனியாக வெட்டினால் இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வந்துவிடக்கூடும். முன்பக்கக் குடைவு எது என்று சாக்பீஸில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.

தவறினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் நேராகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பயம் அங்கேதான் இருக்கிறது. சுற்றளவு குறைந்தால் பிரித்துவிடலாம், இல்லையென்றால் அக்குளில் ஒரு துண்டு வைக்கலாம். உயரம் குறைந்தால் அடியில் பட்டி வைத்து நீட்டலாம். கை நீளம் போதாவிட்டால் பார்டர் ஜாயிண்ட் போடலாம். கழுத்து கொஞ்சம் அகன்றுவிட்டால் பைப்பிங்கோ பட்டியோ வைத்து ஏற்றலாம். துணி போதாதபோது அனுபவமுள்ள டெய்லர்களே ஜாயிண்ட் போட்டுத்தான் கை வெட்டுகிறார்கள். போடுகிறவருக்குத் தெரியாத இடத்தில் அது மறைந்திருக்கும். சரிசெய்யக் கடினமான இடங்கள் இரண்டு: ஷோல்டர் அகலம் மிகக் குறைந்துபோவது, ஆர்ம்ஹோல் அதிகமாகக் குடைந்துபோவது. அங்கே மட்டும் கோட்டுக்கு ஒரு நூல் வெளியே வெட்டுங்கள். தைத்துப் போட்டுப் பார்த்த பிறகு தேவையென்றால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஜாக்கெட்டில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் இவ்வளவுதான். மற்ற இடங்களுக்கெல்லாம் வைத்திருந்த பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

திருப்பூரில் ஒரே வெட்டில் பல அடுக்குத் துணியை மின்கத்தியால் வெட்டும் மாஸ்டரும் தைரியத்தை நம்பி வெட்டுவதில்லை. விரித்த துணியைத் தளரவிடுகிறார், மேலே அளவுத் தாளை வைத்துப் பொருத்துகிறார், கையில் இரும்புவலைக் கையுறை மாட்டிக்கொள்கிறார், அப்புறம்தான் கத்தியை ஓடவிடுகிறார். அவர் கை நிதானமாக இருப்பது அந்த ஒழுங்கினால்.

இன்னொன்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பில் இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் ஆசிரியையிடம் வாய்விட்டுக் கேளுங்கள்: "மேடம், இந்தத் தடவை நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, நான் வெட்டுறேன்." பழைய சேலையை நீங்களே கொண்டுபோங்கள். துணி வீணாகுமே என்ற கவலை அவருக்கும் இருக்காது. நல்ல ஆசிரியை யாரும் மறுக்க மாட்டார். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு தையல் பயிற்சிக்குச் சேர வாய்ப்புள்ள இளம்பெண்கள் தயங்காமல் சேருங்கள். பார்த்துப் பழக அங்கே காலம் கிடைக்கும். வகுப்பை முடித்துவிட்டவர்கள், பக்கத்துத் தெருவில் வெட்டத் தெரிந்த பெண் இருந்தால் அவர் வெட்டும்போது போய் உட்கார்ந்து பாருங்கள். காஜா பையனுக்குக் கிடைத்தது நமக்கும் கிடைக்க வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும்.

முதல் ஜாக்கெட்டை உங்களுக்கே வெட்டுங்கள். போட்டுக்கொண்டு வீட்டு வேலை எல்லாம் செய்து பாருங்கள். எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது என்று உங்கள் உடம்பே சொல்லும். அதை நோட்டில் எழுதிவைத்து அடுத்த துணியில் திருத்துங்கள். பிறகு அம்மாவுக்கு, நாத்தனாருக்கு, தங்கைக்கு என்று வெட்டுங்கள். வேறு வேறு உடம்பு, வேறு வேறு அளவு என்று கை விரியட்டும். அதன்பின் வெளியாரின் துணியை வாங்குங்கள். வாங்கும்போது, தெரிந்தவர்தானே என்று தையல்கூலியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அளவு எடுத்ததும் நீங்கள், வெட்டியதும் நீங்கள், தைத்ததும் நீங்கள். மூன்றுக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே தயங்கி நின்று, இன்று வெட்டிப் பிழைக்கும் ஒரு தையல்காரி